கைக்காசை அப்பா கொடுத்தால் வங்கி என்ன கேட்கும்?

தண்டையார்பேட்டையில் ஒரு பழைய ஃப்ளாட்டை 60 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகபட்சம் 48 லட்சம் தரும். மீதி 12 லட்சம் உங்கள் கைக்காசு. வங்கியில் இதை மார்ஜின் என்பார்கள். பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் 5 லட்சத்து 40 ஆயிரம் வேண்டும். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் இந்தச் செலவை விலையோடு சேர்த்துக் கடனைக் கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே இதுவும் கைக்காசுதான். தரகு, பத்திரங்களைச் சரிபார்க்கும் வக்கீல் கருத்துக்கான செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம், பிராசஸிங் கட்டணம், அடமானத்தைப் பதிவு செய்யும் செலவு எல்லாம் சேர்ந்தால் 18 லட்சத்தைத் தாண்டிவிடும். புது ஃப்ளாட்டின் முதல் விற்பனையாக இருந்தால் பதிவுச் செலவு கொஞ்சம் குறையும்: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம்.

மாதச் சம்பளக்காரர் ஒருவர் 18 லட்சத்தைத் தானே சேர்த்து வைத்திருப்பது அரிது. அப்பாவின் பி.எஃப்., கிராஜுவிட்டி, அம்மாவின் நகை, அண்ணன் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணம், தாய்மாமன் எடுத்த சீட்டு என்று நான்கு பக்கத்திலிருந்து வந்துதான் இந்தத் தொகை தேறும். ஐ.சி.எஃப்., துறைமுகம், அசோக் லேலண்ட், மணலி சுத்திகரிப்பு ஆலை என்று ஒரு தலைமுறையே உழைத்து ஓய்வுபெற்ற வட சென்னையில் இது இன்னும் சகஜம். வங்கிகளும் இதை மறுப்பதில்லை. ஆனால் அந்தப் பணம் எந்த வழியாக, எந்தத் தேதியில், எந்தக் காகிதத்தோடு வந்தது என்பதைப் பொறுத்தே அது மார்ஜினாகக் கணக்கில் ஏறும், அல்லது ஃபைலை நிறுத்திவைக்கும்.

எவ்வளவு தேவை என்பதைச் சரியாகப் போடுங்கள்

கடன் தொகை 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். 75 லட்சத்துக்கு மேல் போனால் 75 சதவீதம். இது உச்சவரம்பு மட்டுமே. வங்கி இதைவிடக் குறைத்துத் தரலாம், கட்டடம் பழசாக இருந்தால் பெரும்பாலும் குறைத்தே தரும்.

இந்தப் படிகளுக்கு நடுவில் ஒரு மேடு இருக்கிறது. வீட்டு மதிப்பு 33 லட்சத்து 33 ஆயிரத்திலிருந்து 37 லட்சத்து 50 ஆயிரம் வரை எதுவானாலும் கடன் 30 லட்சத்தில் நின்றுவிடும். 30 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினாலும் 80 சதவீத விதி வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். கொடுங்கையூரிலோ மணலியிலோ 34 லட்சத்துக்குப் பார்த்த வீட்டை விட்டுவிட்டு 37 லட்சத்து வீட்டுக்குப் போனால், கூடுதல் 3 லட்சம் முழுவதும் கைக்காசிலிருந்தே வர வேண்டும். அப்பாவிடம் கேட்கப் போகும் தொகை இப்படித்தான் திடீரென்று ஏறுகிறது. மேலே 93 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் ஒரு கோடிக்கும் இடையில் இதே கதை.

இன்னொன்று, மதிப்பு என்பது நீங்கள் பேசிய விலை அல்ல. அக்ரிமென்டில் எழுதிய விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் விலை, இரண்டில் எது குறைவோ அதுதான். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் முப்பது நாற்பது வருடக் கட்டடங்களில் மதிப்பீட்டாளர் கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்துவிடுவார். 60 லட்சத்துக்குப் பேசியதை அவர் 54 என்று எழுதினால் கடன் 43 லட்சத்து 20 ஆயிரம்தான். 12 லட்சமாக இருந்த மார்ஜின் 16 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிடும். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் மறுபடி உறவினர் வீடுகளுக்கு நடக்க வேண்டியிருக்கும். கடன் தகுதியையும் மதிப்பீட்டையும் முதலில் தெரிந்துகொண்டு, பிறகு எவ்வளவு வேண்டும் என்று வீட்டில் பேசுவதே முறை.

வங்கியின் மூன்று சந்தேகங்கள்

கடன் அதிகாரி உங்கள் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறார். மாதம் 80, 90 ஆயிரம் சம்பளம் வரும் கணக்கில் திடீரென்று 10 லட்சம் வரவு. அவர் மனதில் எழுபவை மூன்று: இது எங்கிருந்து வந்தது, இதைத் திருப்பித் தர வேண்டுமா, கொடுத்தவருக்கு வீட்டில் பங்கு உண்டா.

முதல் கேள்வி புரியும். இரண்டாவதைத்தான் குடும்பங்கள் லேசாக எடுத்துக்கொள்கின்றன. மாதம் 90 ஆயிரம் கைக்கு வருகிறது, அதில் பாதிவரை தவணைக்குப் போகலாம் என்று வங்கி கணக்குப் போடுகிறது என்று கொள்வோம். 48 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத் தவணை சுமார் 41,700 ரூபாய். 45 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது, கடன் பாஸ். ஆனால் சித்தப்பாவிடம் வாங்கிய 5 லட்சத்தை மாதம் 10 ஆயிரமாகத் திருப்பித் தருவதாக வாய்ப்பேச்சு இருந்தால் உண்மைத் தவணை 51,700. வங்கியின் கணக்குப்படி அந்தக் கடனே தகுதிக்கு வெளியே போய்விடுகிறது. 'அன்பளிப்பு' என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு மாதமும் அதே உறவினர் கணக்குக்கு ஒரே தொகையை அனுப்பினால் அது பொய் அறிவிப்பு. பிறகு டாப்-அப் (அதே வீட்டின் பேரில் கூடுதல் கடன்) கேட்கும்போதோ கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போதோ அதே ஸ்டேட்மென்ட் மறுபடி மேசைக்கு வரும்.

கைமாற்று என்றால் கைமாற்று என்றே சொல்லிவிடுவது நல்லது. தவணையோடு அதையும் சேர்த்து வங்கி கணக்கிடும், கடன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீங்களே பர்சனல் லோன் எடுத்து அப்பா கணக்கு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்த லோன் நிற்கும். அப்பா லோன் எடுத்துக் கொடுத்தால் அவருடைய ஸ்டேட்மென்ட்டில் நிற்கும். அம்மா நகையை அடகு வைத்துக் கொடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: அடகு வட்டியை யார் கட்டப்போகிறார்கள்?

மூன்றாவது கேள்வி வீட்டின் மீதான உரிமை. தவணை நின்றுபோனால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்து விற்க முடியும். அந்த நேரத்தில் பணம் கொடுத்த அண்ணன் "பாதி என்னுடையது" என்று நீதிமன்றம் போனால் வங்கிக்குத் தலைவலி. அதனால்தான் 'இந்தப் பணத்தின் பேரில் வீட்டில் எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்ற வரி இல்லாத கடிதத்தை வாங்க மறுக்கிறார்கள்.

பணம் நடக்க வேண்டிய வழி

கொடுப்பவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு, உங்கள் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கு. இந்த இரண்டு படியையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 'எப்படியும் அவருக்குத்தானே போகப்போகிறது' என்று அண்ணனே நேராக விற்பவருக்குக் காசோலை கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. தங்கை பேரில் பத்திரம், விலையைக் கொடுத்தது அண்ணன் என்று காகிதம் சொல்கிறது. பினாமி தடைச் சட்டம் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கணவன், மனைவி, பிள்ளை பேரில் வாங்கினால் கணக்கில் காட்டிய பணமாக இருந்தால் போதும் என்ற விலக்கு இருக்கிறது. உடன்பிறந்தவர், பெற்றோர் பேரில் வாங்கும்போதோ கொடுத்தவர் பெயரும் கூட்டு உரிமையாளராக ஆவணத்தில் இருக்க வேண்டும். முதலில் தங்கை கணக்கில் பணம் ஏறி, அது அன்பளிப்பு என்று காகிதம் ஆகி, பிறகு தங்கை விற்பவருக்குக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழாது. இடையில் ஒரு நாள் போதும்.

ஒரே பரிமாற்றமாக அனுப்புங்கள். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட், காசோலை எதுவானாலும் சரி. கூகுள் பேயில் தினம் ஒரு லட்சமாகப் பத்து நாள் அனுப்பினால் தப்பில்லை, ஆனால் பத்து யுடிஆர் எண்களையும் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் விழும் அடையாள எண்) அன்பளிப்புக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கும், ஒன்று விட்டுப்போனாலும் அதிகாரி கேட்பார். அப்பாவும் மகனும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கில் பணம் கிடந்தால் அது யாருடையது என்ற குழப்பம் வரும். அதையும் உங்கள் தனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே நிகழ்வை ஒட்டியோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பழைய வருமான வரிச் சட்டத்தில் இது 269எஸ்டி பிரிவு. அப்பா மகனுக்குக் கொடுத்தாலும் விலக்கு இல்லை. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. கடனாக வாங்கினால் வரம்பு இன்னும் கீழே, 20 ஆயிரம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆடிட்டர்கள் பேச்சில் பழைய எண்களே இன்னும் ஓடுகின்றன.

காசிமேட்டில் படகு வைத்திருக்கும் அப்பா, எம்.சி. ரோட்டில் துணி வியாபாரம் செய்யும் மாமா, மின்ட் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பெரியப்பா என்றால் பணம் ரொக்கமாகவே இருக்கும். திங்கள்கிழமை 8 லட்சத்தை அவர் கணக்கில் கட்டி, செவ்வாய்க்கிழமை உங்களுக்கு அனுப்பினால் வழி சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது தவறு. வங்கி கொடுப்பவரின் ஸ்டேட்மென்ட்டையும் கேட்கும். முந்தின நாள் கட்டிய ரொக்கம் அங்கே பளிச்சென்று தெரியும். சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கியே வருமான வரித் துறைக்குத் தகவல் அனுப்புகிறது. பெரிய தொகைப் பத்திரப் பதிவுகளின் தகவலைச் சார்பதிவாளர் அலுவலகம் அனுப்புகிறது. இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. ரொக்க வருமானம் உள்ளவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால், ஏல ரசீதுகளும் விற்பனைப் புத்தகமும் வைத்திருந்தால் விளக்கிவிடலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தை இந்தக் கடனுக்குள் கொண்டுவராமல் இருப்பதே மேல். கட்டிலோ அலமாரியோ அதில் வாங்கிக்கொள்ளட்டும்.

எந்தப் பணத்துக்கு எந்தக் காகிதம்

பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) ஆகியவை சுலபம். செட்டில்மென்ட் கடிதமும் பணம் ஏறிய பாஸ்புக் பக்கமும் போதும். வைப்புத்தொகையை முடித்துத் தந்தால் முடித்த ரசீது. ஊரில் நிலம் விற்ற பணம் என்றால் கிரையப் பத்திர நகல். அதில் எழுதிய விலைக்கு மேல் ஒரு ரூபாயும் காட்ட முடியாது. அண்ணன் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய என்.ஆர்.இ. கணக்கிலிருந்து (வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வருவது நேர்த்தியான வழி. அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டையும் அவருடைய பாஸ்போர்ட், விசா நகலையும் கேட்பார்கள்.

சீட்டுப் பணம் இரண்டு வகை. 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான கம்பெனியில் எடுத்தால் பாஸ்புக்கும் ஏலம் எடுத்த கடிதமும் காசோலையும் இருக்கும். ஆனால் எடுத்த பிறகும் மாதத் தவணை பாக்கி இருக்கும் என்பதை வங்கி கவனிக்கும். தெருவில் அக்கா ஒருவர் நடத்தும் சீட்டு, தீபாவளிச் சீட்டு இவற்றுக்கு வங்கியிடம் காட்ட ஒன்றுமே கிடையாது.

நகை விஷயத்தில் யார் விற்கிறார்கள் என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். அம்மா தன் நகையை விற்று, கடையிலிருந்து பணம் அவர் கணக்கில் ஏறி, பிறகு மகளுக்கு அனுப்பினால் மூலதன ஆதாயம், அதாவது வாங்கிய விலைக்கு மேல் கிடைத்த லாபம், அம்மாவுடையது. நகையையே மகளுக்குக் கொடுத்து மகள் விற்றால் ஆதாயம் மகளுடையது. வாங்கிய விலையாக அம்மா வாங்கிய விலையே எடுத்துக்கொள்ளப்படும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்துக்கு 2024 ஜூலை 23 முதல் ஆதாய வரி 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதென்றால் அந்தத் தேதியின் சந்தை விலையை அடக்கவிலையாகக் கொள்ளலாம். அம்மாவுக்கு வேறு வருமானமே இல்லையென்றால் புதிய வரிமுறையின் அடிப்படை விலக்கு 4 லட்சம் வரையிலான ஆதாயத்தைத் தாங்கிக்கொள்ளும். சம்பளம் வாங்கும் மகளுக்கு அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். எனவே பெரும்பாலான வீடுகளில் அம்மா விற்பதுதான் லாபம். ரசீது அவர் பெயரில், பான் எண்ணோடு இருக்கட்டும்.

எந்த விழா மொய்யானாலும், யார் வாங்கினாலும் வரி இல்லை என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கல்யாணத்தில் வந்த அன்பளிப்புக்கு, அது யார் கொடுத்ததானாலும், மணமக்களுக்கு வரி இல்லை. மொய் நோட்டும் மண்டப ரசீதும் அழைப்பிதழும் சேர்ந்தால் ஓரளவு ஆதாரம். இந்த விலக்கு மணமக்களுக்கு மட்டுமே, அவர்களைப் பெற்றவர்களுக்கு இல்லை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா மொய்க்கும் இல்லை. அவற்றில் உறவினர் அல்லாதவர்கள் கொடுத்தது வருடத்துக்கு 50 ஆயிரத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி.

யார் உறவினர்?

வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியல் நம் வீட்டு உறவு முறையோடு பாதிதான் ஒத்துப்போகும். பழைய சட்டத்தின் 56ஆவது பிரிவு சொல்வது இது: கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன்/மனைவியின் உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், நேர்வழி முன்னோர், நேர்வழி வாரிசுகள், கணவன்/மனைவியின் நேர்வழி முன்னோர், வாரிசுகள், இவர்கள் எல்லோருடைய கணவன் அல்லது மனைவி. அப்படியானால் தாய்மாமன், அத்தை, சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா, மாமனார், மாமியார், நாத்தனார், கொழுந்தனார், மச்சான் எல்லோரும் உள்ளே. சகலையும் ஓரகத்தியும்கூட உள்ளே. இவர்கள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்குபவருக்கு வரி இல்லை.

வெளியே நிற்பவர்கள்: சித்தப்பா மகன், மாமா மகள், அப்பாவின் நண்பர், ஞானத் தந்தை. கூடப் பிறந்தவர்போல வளர்ந்திருந்தாலும் ஒன்றுவிட்ட அண்ணன் சட்டத்துக்கு அந்நியர்தான். மனைவியின் சித்தப்பாவும் உங்களுக்கு வெளியே, ஆனால் மனைவிக்கு உள்ளே. அவர் தரும் 4 லட்சம் மனைவி கணக்குக்கு வந்து, மனைவி கூட்டு உரிமையாளராகவும் கூட்டுக் கடனாளியாகவும் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. மாப்பிள்ளை கணக்குக்கே வந்தால் 4 லட்சமும் அவர் வருமானம்.

இந்தப் பட்டியல் ஒருவழிப் பாதை என்பதையும் மறந்துவிடக் கூடாது. தாய்மாமன் மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. அதே மருமகன் தாய்மாமனுக்குக் கொடுத்தால், உடன்பிறந்தவரின் பிள்ளை என்பவர் மாமாவின் பட்டியலில் இல்லாததால், மாமாவுக்கு வரி உண்டு. சித்தப்பாவுக்கு வீடு வாங்க அண்ணன் மகன் உதவும்போது பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்த பணத்தில் வாங்கிய வீடு வாடகைக்குப் போனால், அந்தப் பங்குக்கான வாடகை கொடுத்தவரின் வருமானத்தோடு சேரும். குடியிருக்க வாங்கும் வீட்டில் இது பெரிய விஷயமில்லை. பெண் வீட்டாரிடமிருந்து வரும் பணம் தனியாகக் கவனிக்க வேண்டியது. மாமனார் தானாகத் தருவது வேறு. கல்யாணப் பேச்சில் 'வீட்டு அட்வான்ஸை நீங்க பார்த்துக்கங்க' என்று கேட்டு வாங்குவது 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். பணம் மகள் கணக்குக்கே போய், பத்திரத்தில் மகள் பெயரும் ஏறட்டும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

பெரும்பாலான வங்கிகள் தங்கள் படிவத்தையே கொடுக்கும். இல்லாவிட்டாலும் எழுதுவது கஷ்டமில்லை. கொடுப்பவர், வாங்குபவர் இருவரின் பெயர், வயது, முகவரி, பான் எண், உறவு. தொகை எண்ணாலும் எழுத்தாலும். அனுப்பிய தேதி, இரு கணக்குகளின் எண்கள், யுடிஆர் எண். பணத்தின் மூலம் எது என்பது ஒரு வரியில், 'சேமிப்பிலிருந்து' என்று பொத்தாம் பொதுவாக அல்லாமல், எந்த ஆண்டு ஓய்வுபெற்றபோது எந்த நிறுவனத்திலிருந்து வந்த கிராஜுவிட்டி என்பதுவரை. திருப்பிக் கேட்கப்படாது, வட்டி இல்லை, வீட்டில் உரிமை கோரப்படாது என்ற வாசகம். கீழே வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். ஏற்பு முக்கியம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஏற்கப்பட்டால்தான் அது அன்பளிப்பு. உடல்நலம் குன்றிய அப்பா எழுதிக்கொடுத்த காசோலையை ஜாதகம் பார்த்து நல்ல நாளில் போடலாம் என்று பையில் வைத்திருக்காதீர்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஹிபா முறை பொருந்தும். அறிவிப்பு, ஏற்பு, ஒப்படைப்பு மூன்றும் நிறைவேறினால் போதும். மண்ணடி, முத்தியால்பேட்டைப் பக்கத்து வக்கீல்கள் இதைக் கடிதத்திலேயே சேர்த்து எழுதுவார்கள்.

பணம் தருவதற்குப் பதிவு செய்த பத்திரம் தேவையில்லை, ஒப்படைப்பே போதும். எனவே 'இதன் மூலம் கொடுக்கிறேன்' என்று பத்திர நடையில் எழுதுவதைவிட, பணம் போய்ச் சேர்ந்த பிறகு 'இன்ன தேதியில் கொடுத்தேன்' என்று நடந்ததைச் சொல்லும் கடிதமாக இருப்பதே நல்லது. தேதி முன்னே பின்னே போனால் கேள்வி வரும். கடிதத்தில் மார்ச் 3, ஸ்டேட்மென்ட்டில் மார்ச் 9 என்று இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

உறவுக்குச் சான்றும் இணைக்க வேண்டும். மகன், மகள் என்றால் பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ ஸ்மார்ட் கார்டோ போதும். தாய்மாமன் என்றால் இரண்டு படி ஏற வேண்டும்: உங்கள் அம்மா யார் என்பதற்கு ஒன்று, அம்மாவும் மாமாவும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்பதற்கு ஒன்று. தாத்தாவின் பழைய வாரிசுச் சான்றிதழ் இங்கே கைகொடுக்கும். ஆதாரில் 'கே. முருகன்', பான் கார்டில் 'முருகன் கந்தசாமி' என்று இருந்தால் இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழி கேட்பார்கள். தலைப்பெழுத்துப் பழக்கத்தால் இந்தத் தொல்லை நம் ஊரில் நிறைய.

மேலே சொன்ன எல்லாம் முடிந்து, உங்கள் பங்கு விற்பவர் கணக்குக்குப் போய், அவர் கையெழுத்திட்ட ரசீது வங்கிக்குச் சென்ற பிறகே வங்கி தன் பங்கை விடுவிக்கும். புதுக் கட்டுமானமாக இருந்தால் இன்னொரு வரம்பு: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் சொல்கிறது. அப்பா முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார் என்பதற்காக அதை அப்படியே பில்டரிடம் கொட்ட வேண்டியதில்லை.

கறுப்புப் பணம் கேட்கும் விற்பவர்

இதுதான் குடும்ப அன்பளிப்பைக் கெடுக்கும் பெரிய ஓட்டை. 60 லட்சம் விலை, 45க்குப் பதிவு செய்து மீதி 15ஐ ரொக்கமாகத் தாருங்கள் என்கிறார் விற்பவர். அக்ரிமென்ட் 45 என்றால் கடன் 36 லட்சம். பத்திரச் செலவில் ஒரு லட்சத்துச் சொச்சம் மிச்சம் என்று தரகர் சொல்வார். ஆனால் கைக்காசு 12லிருந்து 24 லட்சமாகிறது. அப்பாவிடமிருந்து வங்கி வழியாக ஒழுங்காக வந்த பணத்தை எடுத்து ரொக்கமாகக் கொடுக்க வேண்டிவரும். ஸ்டேட்மென்ட்டில் 15 லட்சம் வந்து, 15 லட்சம் ரொக்கமாகப் போயிருக்கும். அது எங்கே போனது என்று கேட்டால் பதில் இல்லை. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கும் எழுதிய விலைக்கும் இடையிலான வித்தியாசம் விலையில் 10 சதவீதத்தையும் 50 ஆயிரத்தையும் தாண்டினால் அந்த வித்தியாசமே வாங்குபவரின் வருமானமாகிவிடும். நாளை நீங்கள் விற்கும்போது அடக்கவிலை 45 தான். 15 லட்சம் போனது போனதுதான்.

கொடுப்பவருக்கு என்ன மிஞ்சும்?

அன்பளிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் அப்பா எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. வங்கி கேட்கும் வாசகப்படி அவருக்கு வீட்டில் பங்கில்லை, பணமும் திரும்பாது. மனம் மாறினால் ரத்து செய்யவும் முடியாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஒரு பாதுகாப்பு. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் கொடுத்து, பிறகு கவனிக்காமல் விட்டால் தீர்ப்பாயம் அந்தக் கொடையைச் செல்லாததாக்கலாம். அந்தச் சட்டத்தில் சொத்து என்பது அசையும் பொருளையும் சேர்த்தே. ஆனால் நிபந்தனை எங்கும் எழுதப்படாத, 'நிபந்தனையற்ற' என்றே அச்சான வங்கிப் படிவத்தை வைத்துக்கொண்டு அங்கே போவது கடினமான வழக்கு.

எங்கள் கணிப்பு இது: பெற்றோர் தருவது வீட்டு விலையில் பத்தில் ஒரு பங்குக்குள், அவர்களிடம் இன்னும் சேமிப்பு மிச்சம் இருக்கிறது என்றால் அன்பளிப்பே எளிது. ஓய்வுக்கால பணம் முழுவதையும் போட்டு, தாங்களும் அந்த வீட்டிலேயே குடியிருக்கப் போகிறார்கள் என்றால் பத்திரத்தில் பெயர் சேர்ப்பதே நியாயம். அப்போது அது அன்பளிப்பு அல்ல, அவர் பங்கின் விலை. கடிதம் தேவையில்லை. பதிலுக்கு, உரிமையாளர் எல்லோரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கி சொல்லும். 66 வயது அப்பா கூட்டுக் கடனாளியாக இருந்தால் சில வங்கிகள் தவணைக் காலத்தைக் குறைக்கும், சில மகனின் வயதை மட்டும் பார்க்கும். இதை முன்பே கேட்டுக்கொண்டு வங்கியைத் தேர்ந்தெடுங்கள். மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்து கொடுப்பது நல்லது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மகனுக்கு உயிரோடிருக்கும்போது கொடுத்த பணம் பிறகு பாகப்பிரிவினையில் தானாகக் கழிக்கப்படுவதில்லை. தங்கையிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவது இந்த இடத்தில் புத்திசாலித்தனம்.

ரொக்கம் இல்லை, திருவொற்றியூரில் பழைய ஓட்டு வீடு மட்டும் இருக்கிறது என்றால் அதையே மகன் பெயருக்குத் தான செட்டில்மென்டாக எழுதி, இடித்துக் கட்டக் கடன் வாங்கும் வழி இருக்கிறது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 40 ஆயிரத்துக்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10 ஆயிரம். தாத்தா பெயரிலேயே பட்டா கிடப்பது, கோயில் அடிமனையில் கட்டிய வீடு, வாரிய ஒதுக்கீட்டில் கிரையப் பத்திரம் இன்னும் வராதது என்று இங்கே வேறு வகைச் சிக்கல்கள் உண்டு. அவற்றை வங்கியின் வக்கீல் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

வியாபாரம் நின்றுபோனால்

வில்லங்கத்தில் பழைய அடமானம் ஒன்று தெரியவந்து ஒப்பந்தம் முறிந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர நேரும். அப்பா அம்மாவுக்குத் திருப்பினால் பிள்ளை பெற்றோருக்குக் கொடுத்ததாகிறது, வரி இல்லை. தாய்மாமனுக்குத் திருப்பும்போதுதான் முன்பு சொன்ன ஒருவழிப் பாதை குறுக்கே வருகிறது. காகிதப்படி அது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லாதது. எனவே மருமகன் மாமாவுக்குப் புதிதாகக் கொடுக்கும் அன்பளிப்பு என்று வாசிக்க இடம் இருக்கிறது. அதனால் பெற்றோர் தரும் பணத்தை விண்ணப்பத்துக்குச் சில மாதம் முன்பே கணக்கில் ஏற்றி வையுங்கள், கேள்விகள் குறையும். மாமா, சித்தப்பா, அத்தை பங்கை வக்கீல் கருத்து சுத்தமாக வந்து, வங்கியின் கடன் ஒப்புதல் கடிதமான சாங்ஷன் லெட்டரும் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். அதுவரை அது அவர்கள் கணக்கிலேயே இருக்கட்டும். வங்கி அவசரப்படுத்தினால் அவர்களுடைய ஸ்டேட்மென்ட் நகலும், இன்ன தொகை தரச் சம்மதம் என்ற கடிதமும் அந்தக் கட்டத்துக்குப் போதும்.